ரெண்டாவது பேரு

உக்காருங்க, ஜன்னலோரம் வேணும்னா நான் தள்ளிக்கிடுதேன். பையா? அது என் மடியிலயே இருக்கட்டும். பாரமெல்லாம் இல்ல, ஒரு ரெஜிஸ்டரும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான் உள்ள கெடக்கு. நீங்க எங்க எறங்கணும்? சேரன்மாதேவியா? நல்லதாப் போச்சு, அது வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு. நான் திருநவேலி போறேன். ஒரு பிள்ளைக்குக் கல்யாணம். வெள்ளியில ஒரு குங்குமச்சிமிழ் எடுக்கணும்.

பிள்ளைன்னா நான் பெத்த பிள்ளை இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. ஆனா எண்ணிப் பாத்தா எரநூறு பிள்ளையளுக்கு மேல வளத்திருக்கேன். மலையடிவாரத்துல ஒரு பொம்பளப்பிள்ளைய ஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலோட. சின்ன ஸ்கூல்தான். மொத்தமே நூத்திச் சொச்சம் பிள்ளைய. அங்க பத்தொம்பது வருசமா நான் வார்டன். தங்கபுஷ்பம்னு பேரு. ஆனா யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, பெரிய மிஸ்ஸுன்னுதான் சொல்லுவாவ. பாடம் எடுக்குத டீச்சரெல்லாம் சின்ன மிஸ்ஸாம், நான் பெரிய மிஸ்ஸாம். பிள்ளைய வச்ச பேரு. அப்படி வச்சவளுவதான் இன்னைக்கு என்ன இப்படி நிப்பாட்டிட்டுப் போயிட்டாளுவ.

துரோகம்னு கேள்விப்பட்டிருப்பீயள்லா? நான் கண்ணால பாத்தேன். ஒருத்தி இல்ல, பத்துப் பேரு. ஒரே நேரத்துல. அதுவும் பெத்தவங்க முன்னாடி, ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி, ஆறாங்கிளாஸ் பொடிசுவ முன்னாடி. சொல்லட்டுமா? ஒங்களுக்குக் கேக்க நேரம் இருக்குலா? சேரன்மாதேவி வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்.

மொதல்ல எங்க ஸ்கூல் வழக்கத்தச் சொல்லணும். தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ரெஜிஸ்டர எடுத்துட்டு ஹாஸ்டல் முன்னால முத்தத்துல நிப்பேன். பேரு வாசிப்பேன். ஒவ்வொருத்தியா "இருக்கேன் மிஸ்"னு சொல்லணும். காய்ச்சல்ல படுத்திருந்தாலும் ஜன்னல் வழியா சத்தங்குடுக்கணும். பன்னெண்டாங்கிளாஸ் முடிச்சிட்டுப் போற பிள்ளையளுக்கு மட்டும், கடைசிப் பரீட்சை எழுதுன மறுநாள் காலையில, ஒரு தடவை பேரு வாசிப்பேன். அன்னைக்கு "இருக்கேன் மிஸ்" கெடையாது. "போயிட்டு வாரேன் மிஸ்"னு சொல்லணும். சொல்லிட்டு, புங்கமரத்துல ஒரு தண்டவாளத்துண்டு தொங்கும், அதுதான் எங்களுக்கு மணி, அத மரச்சுத்தியலால ஒரு அடி அடிச்சிட்டு கேட்டத் தாண்டணும். இவ்வளவுதான் விசயம். ஆனா அத நீங்க பாக்கணும். ஏழு வருசம் என்கிட்ட ஏச்சு வாங்குன கழுதையெல்லாம் அன்னைக்கு அந்த ரெண்டு வார்த்தையச் சொல்ல முடியாம தேம்பும். போன வருசம் ஒருத்தி சுத்தியலத் தூக்கிட்டு அடிக்காம அப்படியே நின்னுட்டா, நான்தான் கையப் பிடிச்சி அடிச்சி விட்டேன்.

எனக்கு வருசத்துல அந்த ஒரு நாளுதான். சும்மா சொல்லல. தீவாளிக்குப் புதுச்சேலை எடுக்க மாட்டேன், அந்த நாளைக்குத்தான் எடுப்பேன்.

இந்த வருசம் பன்னெண்டாங்கிளாஸ்ல பதினோரு பேரு. எப்பேர்ப்பட்ட செட்டு தெரியுமா! த்ரோபால்ல மாவட்டத்துல ரெண்டாவது வந்தாளுவ. ஹாஸ்டலுக்குப் பின்னால கத்தரி, வெண்டையெல்லாம் போட்டு சமையக்கட்டுக்கு வாரத்துல ரெண்டு நாளு காய் குடுத்தாளுவ. சுவத்துப் பத்திரிகைன்னு ஒண்ணு எழுதி ஒட்டுவாளுவ, அதுல எனக்கே ஒரு பட்டம் குடுத்திருந்தாளுவ, "ரேடார்"னு. சிரிச்சேன், கோவப்படல. ரெஜிஸ்டர்ல அகரவரிசைப்படி மொதப் பேரு ஆவுடைத்தங்கம், கிளாஸ் லீடர். ரெண்டாவது பேரு இசக்கியம்மா. கடைசிப் பேரு ஷெரின். இந்த மூணு பேர மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க, போதும்.

ஷெரினுக்கு அம்மா கெடையாது. எட்டாங்கிளாஸ்ல அவளுக்கு அம்மை போட்டப்ப, வீட்டுல கூட்டிட்டுப் போக ஆளில்ல. என் ரூம்லயே படுக்க வச்சி, பதினோரு நாளு வேப்பெலையால நான்தான் தடவி விட்டேன். அவளும் அன்னைக்குப் பேசாம நின்னா பாருங்க, அதுதான் இன்னும் இங்கன உறுத்துது.

இசக்கி? சொல்லுதேன், அவளப் பத்திச் சொல்லாம கதை நகராது. நெட்டையா இருப்பா. த்ரோபால் கேப்டன். குரலு கொஞ்சம் கட்டையா இருக்கும். நர்சிங் படிக்கணும், நர்சிங் படிக்கணும்னு சொல்லிக்கிட்டே திரிவா, யாருக்குக் கையில அடிபட்டாலும் இவதான் துணியக் கிழிச்சிக் கட்டுவா. நல்ல பிள்ளதான். நான் கெட்ட பிள்ளைன்னு சொல்லலியே.

கார்த்திகை மாசம், ஒரு புதங்கெழம. பிள்ளைய எல்லாம் கிளாஸுக்குப் போன பெறவு நான் ரூம் ரூமா பாப்பேன். அது என் வேலை. தலகாணி உறையத் தொவைக்கப் போடுவம்னு இசக்கி தலகாணிய உருவுனேன். உள்ளருந்து ஒரு காயிதம் விழுந்துச்சு. நாலா மடிச்சிருக்கு. பிரிச்சா, "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு கேட்டுக்கிட்ட நிப்பேன். நீ வரலேன்னா பாலத்துல இருந்து ஆத்துல குதிச்சிருவேன். இப்படிக்கு உன் செந்தூரன்." இன்னும் ரெண்டு வரி இருக்கு, அத ஒங்ககிட்டச் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு. ஒரு பொம்பளப்பிள்ளைய ஹாஸ்டல்ல, தலகாணிக்குள்ள இப்படி ஒரு காயிதம் கெடந்தா நீங்க என்ன செய்வீய? சொல்லுங்க. நீங்க என்ன செய்வீயளோ அதத்தான் நானும் செஞ்சேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ், அது நாடகத்துக்கு எழுதுனது மிஸ்"ங்கா. எழுத்து அவ எழுத்துதான், அதுவும் எனக்குத் தெரிஞ்சிச்சு. ஆனா மாட்டிக்கிட்ட பிள்ளை வேற என்ன சொல்லும்? பத்தொம்பது வருசத்துல நான் கேக்காத பொய்யா? பையன் சொல்லச் சொல்ல இவ எழுதி வச்சிருப்பா, இல்ல வந்த காயிதத்தப் பாத்து எழுதியிருப்பா. அப்படித்தான் அன்னைக்கு எனக்குத் தோணிச்சு. ஒரு அறை விட்டேன். சாயங்காலம் அவ அப்பாவுக்குப் போன் போட்டேன். முக்கூடல்ல பீடிக்கடை வச்சிருக்காரு. பேச்சுக் கொறைவு, ரோசக்காரரு. நடந்தத நடந்தபடி சொன்னேன்.

மறுநாள் காலையில வந்துட்டாரு. அன்னைக்குப் பிள்ளையளுக்கு மாசப் பரீட்சை நடக்கு, மத்தவளுவ எல்லாம் ஹால்ல இருக்காளுவ. இசக்கிய மட்டும் வரச்சொல்லி, உடுத்துன துணியோட கூட்டிட்டுப் போயிட்டாரு. பெட்டியக்கூட எடுக்கல. போறப்ப அந்தப் பிள்ள என்னையப் பாத்து, "மிஸ், அப்பா நான் சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க சொன்னா கேப்பாவ. ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ்"ன்னுச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கண்டிப்பு வேணும்லா? நாளைக்கு அதுவே அவளுக்கு நல்லதுலா?

கல்லிடைக்குறிச்சி வந்துட்டா? இங்க கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான். முறுக்கு வாங்குதீயளா? எனக்கு வேண்டாம். ஒரு மாசமா வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல.

அன்னைக்கு மத்தியானம் பரீட்சை முடிஞ்சி ஆவுடையும் ஷெரினும் ஓடி வந்தாளுவ. கையில ஒரு நாப்பது பக்க நோட்டு. எங்க ஸ்கூல்ல பன்னெண்டாங்கிளாஸ் பிள்ளைய ஆண்டு விழாவுக்கு அவளுவளே ஒரு நாடகம் எழுதிப் போடுவாளுவ. அத விழா அன்னைக்கு மேடையிலதான் மத்தவங்க பாக்கணும். வாத்தியார்மார் உட்பட யாருக்கும் முன்னாடி காட்டக்கூடாது. அதுவும் வழக்கம். அந்த நோட்ட என்கிட்டக் காட்டுனாளுவ. ஏதோ மில்லுக் காலனியில நடக்குத கதை. செந்தூரன்னு ஒரு பையன், மில்லு கேட்டுக்கிட்ட நின்னு ஒரு பிள்ளைக்குக் காயிதம் குடுக்கான். நெட்டையா இருக்கதால இசக்கிக்குத்தான் செந்தூரன் வேசம். மேடையில குடுக்கதுக்கு நெசமாவே ஒரு காயிதம் வேணும்னு எழுதி, கசங்கிப் பழசாத் தெரியணும்னு தலகாணிக்குள்ள வச்சிருக்கா. எங்க போய் முட்டிக்கிட!

இத எவளாவது எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? ஒரு நாடகத்த எங்கிட்டயே மறைச்சா நான் என்னன்னு நெனைக்கது? அதுதான் நான் சொல்லுதேன், அவளுவ அப்பமே என்ன நம்பல.

நான் என்ன கல்லா? "நீங்க போங்கடி, நான் அவரு கிட்டப் பேசுதேன்"னேன். ஆவுடை என் ரெண்டு கையவும் பிடிச்சி, "இன்னைக்கே பேசுங்க மிஸ்"ன்னா. மறுநாள் வந்து கேட்டாளுவ. "பேசிட்டேன், அவரு பிடிகுடுக்க மாட்டேங்காரு"ன்னு சொன்னேன். அழுதுட்டுப் போயிட்டாளுவ.

என்ன, ஒரு மாதிரி பாக்கீய?

சரி, ஒங்ககிட்ட எதுக்கு மறைக்க. நீங்க சேரன்மாதேவில எறங்கிருவீய, பெறவு நீங்க யாரோ நான் யாரோ. பேசல. நான் பேசல. பேசணும்னுதான் போன எடுத்தேன். ஆனா மொதநாளு போன்ல அவருகிட்ட, அவரு நம்பாம ரெண்டு மூணு தடவ கேட்டாருன்னு, "கேட்டுக்கிட்ட ஒரு பையன் நின்னத என் கண்ணால பாத்தேன்"னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லிட்டேன். ஒரு வேகத்துல வந்துட்டு. கேட்டுக்கிட்ட பால்காரன் நிப்பான், தபால்காரர் நிப்பாரு, யாராவது நிக்கத்தான செய்வாவ? முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. இப்பம் போய் "அது நாடகக் காயிதம், நான் ஒருத்தனையும் பாக்கல"ன்னா, அந்த ஆளு என்னைய என்ன நெனைப்பாரு? ஸ்கூல்ல எனக்கு என்ன மரியாதை இருக்கும்? அடுத்த வாரம் ஆண்டு விழா. பத்தொம்பது வருசம் ஒரு புகார் இல்லாம வேலை பாத்தவன்னு தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போறாரு. நோட்டீஸ்ல பேரு அடிச்சாச்சு. விழா முடியட்டும், நிதானமாப் பேசுவம்னு நெனச்சேன்.

விழாவுல நாடகம் போட்டாளுவ. செந்தூரன் வேசம் ஆவுடை கட்டுனா, குட்டையா இருந்தா, சட்டை முழங்கால் வரை தொங்குச்சு. பொன்னாடையோட நான் மொத வரிசையில. நாடகத்துல அந்தக் காயிதத்தப் பிரிச்சி வாசிக்க இடம் வந்துச்சு. காயிதம் என் பீரோவுலலா இருக்கு. ஷெரின் ஒரு வெறுந்தாள விரிச்சி வச்சிக்கிட்டு எல்லா வரியும் சொன்னா. சனம் கை தட்டுச்சு. நானும் தட்டுனேன். எனக்கு அந்த வரியெல்லாம் அதுக்குள்ள மனப்பாடம் ஆயிட்டு.

பெறவு அரையாண்டுப் பரீட்சை, பெறவு பொங்கல் லீவு. பொங்கல் கழியட்டும்னு இருந்தேன். தை பிறந்ததும் இசக்கிக்கு நிச்சயம் பண்ணிட்டாவன்னு சேதி வந்துட்டு. மாப்பிள்ள அவளுக்கு அத்தான் முறைதான், தூத்துக்குடியில லாரி ஓட்டுதான். மாசியில அவளுக்குப் பதினெட்டும் முடிஞ்சிட்டு. இனிமே நான் பேசி என்ன ஆவப் போவுது? ரெஜிஸ்டர்ல அவ பேர செவப்பு மையால ஒரு கோடு போட்டு அடிச்சேன். பேர அடிக்காம வச்சா தெனமும் வாசிக்கணும்லா. பத்துப் பேருன்னு ஆக்கிட்டேன். ஹால் டிக்கெட் அவளுக்கும் வந்துச்சு. போட்டோவோட. அத என்ன செய்யதுன்னு தெரியல, ரெஜிஸ்டருக்குள்ளயே வச்சிட்டேன். இந்தப் பையிலதான் இருக்கு.

இங்கதான் கேளுங்க. மாசி கடைசியில அவ அப்பா, விட்டுட்டுப் போன பெட்டி படுக்கைய எடுக்க வந்தாரு. நான் அன்னைக்கு அம்பாசமுத்திரத்துக்கு மருந்து வாங்கப் போயிட்டேன். பெட்டியத் தூக்கிட்டுப் போனது ஆவுடையும் ஷெரினும். ஆவுடை அவருகிட்ட, "எங்க மிஸ் அவ்வளவு சொல்லியும் நீங்க மனசு எறங்கலியே, அது வெறும் நாடகம்தான மாமா"ன்னு கேட்டிருக்கா. அவரு, "எந்த மிஸ் சொன்னா? அந்த மொதப் போனுக்குப் பெறவு எனக்கு ஒரு போனும் வரலியேம்மா"ன்னுட்டாரு. அவளுவ நாடக நோட்டக் காட்டியிருக்காளுவ. "நீங்க கூட்டாளிய, அப்படித்தான் சொல்லுவீய. பெரிய மிஸ் கண்ணால பாத்தேன்னு சொன்னாவ. அவிய வாயால இல்லன்னு சொன்னா நான் நம்புதேன்"னாராம். இதெல்லாம் எனக்கு அப்பம் தெரியாது. சமையக்கார செல்லத்தாய் பக்கத்துல நின்னு கேட்டிருக்கா. எல்லாம் முடிஞ்ச பெறவு எங்கிட்ட வந்து சொல்லுதா, அவளும் ஒரு ஆளு.

ஒரு மாசங்க! அதுக்குப் பெறவு ஒரு மாசம் அந்தப் பத்துப் பேரும் எங்கூடதான் இருந்தாளுவ. ஒருத்தி எங்கிட்ட வந்து, "மிஸ், நீங்க ஏன் பேசல, ஏன் பொய் சொன்னீய"ன்னு கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா? ஏசியிருந்தாக்கூட பரவாயில்ல. வெடிகாலையில எந்திரிச்சிப் படிக்க பிள்ளையளுக்கு நான் பாலு காய்ச்சிக் குடுப்பேன். வாங்கிக் குடிச்சாளுவ. "தேங்க்ஸ் மிஸ்"ன்னாளுவ. வேதியியல் பரீட்சை அன்னைக்கு ஷெரினுக்கு வயித்து வலி, ஓமத்தண்ணி வச்சிக் குடுத்து ஹால் வாசல் வரைக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் பேரு வாசிச்சா "இருக்கேன் மிஸ்"னு சத்தமாச் சொன்னாளுவ. மனசுல இவ்வளவையும் வச்சிக்கிட்டு மூஞ்சியில சிரிச்சிருக்காளுவ. மனுசரு ஒரு விசயத்த மறைச்சி வச்சிக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி எதுத்தாப்புல நின்னு சிரிக்கதுன்னா, அதுக்கு எவ்வளவு கல்நெஞ்சு வேணும்! என்னால முடியாதம்மா.

வீரவநல்லூர் தாண்டிட்டோம் போல. சுருக்கா முடிச்சிருதேன்.

கடைசி நாளு. பச்சைக்கலர் சேலை, மாம்பழக்கலர் கரை. புதுசு. கேட்டுக்கு வெளிய ஆட்டோ, வேன் எல்லாம் நிக்கி. அப்பா அம்மாமார் பெட்டியத் தூக்கி வச்சிட்டு நிக்காவ. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு பக்கம். பொடிசுவ வரிசையா. நான் ரெஜிஸ்டர விரிச்சி, "ஆவுடைத்தங்கம்"னு வாசிச்சேன்.

ஆவுடை முன்னால வந்தா. சுத்தியல எடுத்தா. எடுத்துட்டு என்னையப் பாத்து, "அடுத்த பேரையும் வாசிங்க மிஸ், ரெண்டு பேரும் சேந்து சொல்லுதோம்"ன்னா. என்னமோ ஆசையில கேக்கா, கூட்டாளியோட சேந்து அடிக்கணுமாக்கும்னு நெனச்சி, "குருவம்மா"ன்னு வாசிச்சேன்.

"குருவம்மா மூணாவது மிஸ். ரெண்டாவது பேரு விட்டுட்டீய."

"அது அடிச்ச பேருடி"ன்னேன்.

"யாரு அடிச்சா மிஸ்?"

சத்தமாக்கூடக் கேக்கல. மரியாதையாத்தான் கேட்டா. எல்லாரும் என்னையப் பாக்காவ. "நல்ல நேரம் போவுது, பேசாம சொல்லிட்டுப் போ"ன்னேன். அவ சுத்தியலக் கீழ வச்சிட்டா. வச்சிட்டு வரிசைக்குப் போய் நின்னுக்கிட்டா. நான் விடல. குருவம்மான்னு மறுபடி வாசிச்சேன். அசையல. சண்முகவடிவுன்னு வாசிச்சேன். அசையல. அடுத்த பேரு, அடுத்த பேருன்னு கடைசி வரைக்கும் வாசிச்சேன். பத்துப் பேரும் நேராப் பாத்துக்கிட்டு நிக்காளுவ, ஒரு வாய் தொறக்கல. பொடிசுல ஒண்ணு என்ன ஏதுன்னு தெரியாம "இருக்கேன் மிஸ்"னு கத்திட்டு, பக்கத்துல நின்னது அத வாயப் பொத்துச்சு.

பெறவு ஒவ்வொருத்தியா பையத் தூக்கிட்டு நடந்தாளுவ. புங்கமரத்தத் தாண்டி, அந்தத் தண்டவாளத்துண்டத் தொடாம, கேட்டு வழியா வெளிய. ஏச்சு இல்ல, சத்தம் இல்ல. பத்தொம்பது வருசத்துல மணி அடிக்காமப் போன மொத செட்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கிட்ட "என்ன தங்கபுஷ்பம், என்ன விசயம்?"ங்காவ. "இந்தக் காலத்துப் பிள்ளைய, விடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

ஷெரின்தான் கடைசி. அவ எங்கிட்ட வந்து நின்னா. சரி, இவளாவது, என் கையால வேப்பெல தடவுன பிள்ள, இவளாவது சொல்லுவான்னு நெனச்சேன். நான் கைய நீட்டுனேன். அவ என் காதுக்கிட்ட வந்து, "ஜூன் மாசம் துணைத்தேர்வு இருக்கு மிஸ். இசக்கி அப்பா நம்பர் இன்னும் அதே நம்பர்தான்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

எதுக்கு அதப் போய் எங்கிட்டச் சொன்னா? ஏழு வருசம் வளத்தவகிட்ட, பிரியப் போற நேரத்துல, ஒரு போன் நம்பரப் பத்திப் பேச்சா? இன்னைய வரைக்கும் எனக்கு வெளங்கல.

ஆமா, அந்தக் கல்யாணந்தான். இந்தாங்க, பத்திரிகையப் பாருங்க. இசக்கியம்மா, என்ன அழகா அச்சடிச்சிருக்காவ பேர. வார பத்தாந்தேதி. இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. அவ அப்பாவே நேர்ல வந்து, தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சிக் குடுத்தாரு. "நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லாட்டா என் மானம் போயிருக்கும் மிஸ். நீங்க முன்னால நிக்கணும்"ன்னாரு. அந்த மனுசனுக்கு இருக்க நன்றி இந்தப் பிள்ளையளுக்கு இல்ல பாத்தீயளா? அதான் வெறுங்கையோட போவக்கூடாதுன்னு வெள்ளிக் கடைக்குப் போறேன்.

இப்பமா? இப்பம் எப்படிங்க போன் போட? பஸ்ஸுல இவ்வளவு எரைச்சல். அதுவும் பத்திரிகையெல்லாம் குடுத்துட்டாவ, சமையலுக்கு ஆளு சொல்லிட்டாவ. நீங்க சுளுவாச் சொல்லிட்டீய. போட்டு என்ன சொல்ல? "நான் பாக்கல"ன்னு சொல்லணுமா? மூணு வார்த்தகூட இல்ல, ரெண்டே வார்த்ததான், அது எனக்குத் தெரியாதா? நம்பரும் ரெஜிஸ்டர்ல மொதப் பக்கத்துலயே இருக்கு. போன வாரம் எட்டு நம்பர் வரைக்கும் அமுத்திட்டு வச்சிட்டேன். சார்ஜ் கொறவா இருந்துச்சு.

எந்திரிச்சிட்டீயளா? சேரன்மாதேவி வந்துட்டா? பைய மறந்துராதீய.

ஒண்ணு பாத்தீயளா, ஒங்ககிட்டப் பேசுனதுல இப்பந்தான் ஞாபகம் வருது. அந்த இசக்கி, அவ அப்பா கையப் பிடிச்சி இழுத்துட்டுப் போறப்ப, கேட்டுக்கிட்ட போய்த் திரும்பி நின்னு, "போயிட்டு வாரேன் மிஸ்"னு சொல்லிட்டுத்தான் போனா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னேன்லா, அதுனால பாக்கல. காதுல விழுந்துச்சு. பதினோரு பேருல எங்கிட்ட அந்த வார்த்தையச் சொன்னது அவ ஒருத்திதான்.

கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறுங்க, அவிய எறங்கட்டும். ஏம்மா, இங்கன பாருங்க. இம்புட்டு நேரம் பக்கத்துல உக்காந்து கேட்டீய. சும்மா எறங்கிப் போயிராதீய. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. என்னம்மா, சொல்லுங்க.

சொல்லுங்களேன்.